கப்பலுக்குப் பெட்டி அடுக்குவது: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கொழும்பிலிருந்து கப்பல் சுற்றுலா போகிற எங்களில் அநேகம் பேர் கப்பல் ஏறுவது இங்கே இல்லை. கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, மெரினா பே முனையத்தில் கப்பல் பிடித்து, பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு அதே முனையத்துக்குத் திரும்புவதுதான் வழக்கம். கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய பயணிகள் கப்பல்கள் பெரும்பாலும் ஒரு பகல் நின்றுவிட்டுப் போய்விடும். அதனால் எங்கள் பெட்டி இரண்டு கணக்குக்கு அடங்க வேண்டும்: விமானத்தின் எடை ஒன்று, கப்பல் அறையின் இடம் இன்னொன்று. மயாமிக்குக் காரில் வந்து கப்பல் ஏறுகிறவர்களுக்காக எழுதிய அறிவுரைகளை வைத்து அடுக்கினால் கட்டுநாயக்கவிலேயே கூடுதல் எடைக்குக் காசு கட்ட வேண்டிவரும்.

நானும் கணவரும் சில வருடங்களாக ஏறக்குறைய ஒரே பெட்டிகளையும் ஒரே உடுப்புகளையும் கொண்டுபோய் வருகிறோம். சில தடவை பிள்ளைகளும் மாமியும் சேர்ந்து வந்தார்கள். எது நின்று பிடித்தது, எது வீண் பாரம் என்று இப்போது நிதானமாகச் சொல்லலாம். பெட்டியை ஊதிப் பெருக்க வைப்பது கடற்கரை உடுப்பு இல்லை, ஃபோர்மல் நைட், அதாவது எல்லோரும் விசேஷ உடுப்போடு சாப்பாட்டு மண்டபத்துக்கு வரும் இரவு. அதற்கென்று புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கொழும்பில் வாழ்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்து அலுமாரியிலும் கலியாணத்துக்குக் கட்டிய உடுப்பு இருக்கும். அதில் எதை எடுப்பது என்பதில்தான் விஷயம்.

முதலில் ஃபோர்மல் நைட்டின் கணக்கு. 7 இரவுப் பயணத்தில் பெரும்பாலும் 2 இரவு வரும். 3, 4 இரவுப் பயணம் என்றால் அநேகமாக 1. பல தடவை அது கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் கண்டிப்பு வேறு. கியூனார்ட் கப்பல்களில் காலா மாலை (ஃபோர்மல் நைட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்) என்றால் ஆண்கள் கறுப்பு போ-டையும் டின்னர் ஜாக்கெட்டும் போட்டு வருவது சாதாரணம். நோர்வீஜியன் கப்பல்களில் ஃபோர்மல் கட்டாயமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ரோயல் கரீபியன் போன்றவை நடுத்தரம். கோட் போட்டவரும் இருப்பார், நல்ல நீளக்கைச் சட்டையோடு நிறுத்திக்கொண்டவரும் இருப்பார், யாரும் வாசலில் நின்று அளவெடுப்பதில்லை. அன்றைக்கு அலங்காரம் செய்ய மனமில்லையா, மேல்தளத்து பஃபேயில் சாதாரண உடுப்போடு சாப்பிடலாம். ஃபோர்மல் நைட்டை நினைத்துப் பயந்து பயணத்தையே யோசிக்கிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவருக்கு இரண்டு கோட் சூட் இருக்கின்றன. கலியாணத்துக்கு வெள்ளவத்தையில் தைத்த ஒன்று பொலியெஸ்டர் கலந்த துணி. மினுக்கம் நன்றாக இருக்கும், ஆனால் பெட்டிக்குள் ஒரு தடவை மடிந்தால் அந்த மடிப்பு போகாது. மற்றது கம்பளி அதிகமுள்ள மெல்லிய துணியில் தைத்த கருநீலம். அதைக் கப்பல் அறையில் தொங்கவிட்டால் அடுத்த நாள் மாலைக்குள் சுருக்கம் தானாக இறங்கிவிடும். கோட்டின் ஒரு தோளை உள்பக்கம் வெளியாகப் புரட்டி மற்றத் தோளுக்குள் செருகி, பெட்டியில் மற்ற உடுப்பெல்லாம் அடுக்கிய பிறகு மேலே கடைசியாக வைப்பார். தோள் மடங்காமல் வரும். இத்தனை வருடத்தில் அந்தக் கருநீலக் கோட் ஒன்றே எல்லா ஃபோர்மல் நைட்டுக்கும் போயிருக்கிறது. மாறுவது உள்ளே போடும் சட்டையும் டையும் மட்டும். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தாலும் அடுத்த வாரம் யாரைப் பார்க்கப் போகிறோம்?

கோட் பிடிக்காதவர்கள் வேட்டியைத் தாராளமாக எடுத்துப் போகலாம். கியூனார்ட்கூட முறையான தேசிய உடையை ஏற்றுக்கொள்கிறது. பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் சேர்த்து ஒரு கோட் சூட்டைவிட மிகக் குறைந்த எடை. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியாக இருந்தால் நல்லது, ஆடுகிற கப்பலில் படிக்கட்டு ஏறுகிறபோது அதன் அருமை தெரியும்.

இனிச் சேலை. இதில் எனக்கு அபிப்பிராயம் அதிகம். ஃபோர்மல் நைட்டுக்கு என்றே செய்த உடுப்பு உலகத்தில் இருந்தால் அது சேலைதான். தட்டையாக மடியும், உடம்பு கூடினாலும் குறைந்தாலும் சட்டையின் தையலைப் பிரித்தோ பிடித்தோ விட்டால் போதும், எந்த கவுனுக்கு முன்னாலும் குறைந்து நிற்காது. ஆனால் கனத்த காஞ்சிபுரம் வேண்டாம். சரிகை நிறைந்த ஒரு பட்டு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், விமான எடையில் அது ஒரு சோடி சப்பாத்தையும் விஞ்சும். பெட்டிக்குள் அழுந்திய சரிகை மடிப்பில் முறியவும் செய்யும். முதல் தடவை நான் பெட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி கேட்டார், “பிள்ளை, கப்பலில சாப்பிடப் போறதுக்கு என்னத்துக்குக் கூறைச்சீலை?”

“கூறை இல்லை மாமி, இது வேற பட்டு.”

“எதெண்டாலும் சூப் ஊத்துப்பட்டால் பட்டுத்தானே!”

அவர் சொன்னது நியாயம். இப்போது நான் கொண்டுபோவது மென்பட்டு ஒன்று, ஜோர்ஜெட் ஒன்று. ஜோர்ஜெட் சுருங்குவதே இல்லை. சுருட்டிப் போட்டாலும் எழுந்து நிற்கும். மென்பட்டை மடிக்காமல், ஒரு மெல்லிய துவாயை உருளையாகச் சுற்றி அதன்மேல் சுருட்டி வைக்கிறேன். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஆவியில் சேலையைத் தொங்கவிடும் யோசனை பருத்திக்கும் பொலியெஸ்டருக்கும் சரி, பட்டுக்குச் சரியில்லை. ஒரு துளி பட்டாலும் தண்ணீர்க் கறை நின்றுவிடும். கஞ்சி போட்ட பருத்திச் சேலையைக் கப்பலுக்கு எடுக்கவே கூடாது. அறையில் அயன் பெட்டி இருக்காது, நீங்கள் கொண்டுபோனாலும் தீ ஆபத்து என்று முனையத்திலேயே எடுத்து வைத்துவிட்டுக் கடைசி நாளில்தான் தருவார்கள். உடுப்புக்கு ஆவி பிடிக்கும் கருவிக்கும் அதே கதிதான். கப்பலில் காசுக்கு அயன் செய்து தருவார்கள்.

எல்லாச் சேலைக்கும் பொருந்தும் தங்க நிறச் சட்டை ஒன்று, உள்பாவாடை ஒன்று, ஊசிகள் தாராளமாக. முந்தானையை மடித்துக் குத்தாமல் திறந்த தளத்துக்குப் போகாதீர்கள், அங்கே அடிக்கும் காற்று காலிமுகத் திடல் காற்றைவிட மோசம். சாப்பாட்டு மண்டபம் குளிரும். அதனால் ஒரு சால்வை எப்போதும் கையில். மகளுக்குப் பட்டுப் பாவாடை. உள்ளே தைத்த மடிப்பை வருடத்துக்கு வருடம் பிரித்துவிட்டு அதே பாவாடையை ஓட்டுகிறோம். அன்றைக்கு கப்பலின் படப்பிடிப்பாளர்கள் மாடிப்படி, திரைச்சீலை என்று எங்கும் நிற்பார்கள். படம் எடுப்பதற்குக் காசு இல்லை, வாங்கினால்தான் காசு, அதுவும் நல்ல விலை.

பெட்டிகளுக்கு வருவோம். எங்களிடம் கடினமான ஓடு உள்ள பொலிகார்பனேட் பெட்டி ஒன்றும் துணிப்பெட்டி ஒன்றும் இருக்கின்றன. விமான நிலையத்தில் ஓட்டுப்பெட்டிக்குத்தான் வெற்றி. மழைக்காலத்தில் ஓடுபாதையில் நனைந்து வரும் துணிப்பெட்டியைத் திறந்தவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. கப்பல் அறையில் கதை மாறிவிடும். ஓட்டுப்பெட்டி நடுவில் இரண்டாகப் பிரிந்து திறக்கும், அதற்கு இரண்டு மடங்கு தரை வேண்டும். யன்னல் இல்லாத உள் அறையில் அதைக் கட்டிலின் மேல் வைத்துத்தான் திறக்க முடிகிறது. துணிப்பெட்டியின் மூடி மேலே தூக்கித் திறக்கும் வகை. பாதி வெளியே இழுத்துக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துத் திறக்கலாம். கட்டிலுக்கு அடியில் பெட்டி போக நல்ல இடம் விட்டிருப்பார்கள், உடுப்பையெல்லாம் அலுமாரிக்கு மாற்றிய பிறகு வெறும் பெட்டியை அங்கே தள்ளிவிட வேண்டியதுதான். நான்கு சக்கரமும் சுழலும் பெட்டி முனையத்தின் வழுவழுப்பான தரையில் சுகம். ஆனால் எங்கள் ஓட்டுப்பெட்டியில் முதலில் பழுதானது அந்தச் சக்கரம்தான். புறக்கோட்டையில் பெட்டி திருத்துகிறவர் ஒருவர் மாற்றித் தந்தார், இன்னும் ஓடுகிறது.

உடுப்பைப் பிரித்து வைக்கும் சின்னத் துணிப்பைகள் நல்ல வாங்கல். ஆளுக்கு ஒரு நிறம், அலுமாரித் தட்டில் அப்படியே வைத்துவிடலாம். இரண்டாம் ஸிப்பை இழுத்து அமுக்கும் வகையை மட்டும் நான் கைவிட்டுவிட்டேன். இடம் குறைகிறது, எடை குறைவதில்லை, எல்லாம் கசங்குகிறது. இடம் இருப்பதுபோலத் தோன்றுவதால் இன்னும் நாலு உடுப்பைத் திணிக்கவும் கை போகும். கொழும்பிலிருந்து போகிறவருக்கு எடைதான் எல்லை என்பதால் இது உதவாத சாமான்.

கப்பல் நிறுவனம் அனுப்பும் பெட்டிச் சீட்டை வீட்டில் அச்சிட்டுக் கைப்பிடியில் கட்ட வேண்டும். வெறும் தாளை ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் சுமை தூக்குகிறவர்கள் கையில் கிழியும். ஊடு தெரியும் பிளாஸ்டிக் உறையும் கம்பி வளையமும் வாங்கி வைத்திருக்கிறேன், மலிவு, வருடக் கணக்காக உழைக்கிறது. முனையத்தில் பெட்டியைக் கொடுத்த பிறகு அது அறை வாசலுக்கு வர மாலையாகிவிடும், சில நேரம் இரவுச் சாப்பாடும் முடிந்துவிடும். ஆகவே மருந்து, கடவுச்சீட்டு, நீச்சல் உடுப்பு, நகை, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் தோள்பையில்தான் இருக்க வேண்டும். அரைநாள் நீச்சல் தடாகத்தைப் பார்த்துக்கொண்டு ஜீன்ஸோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன், பாவமாக இருக்கும்.

அறைக்குள் மிக உதவுவது காந்தக் கொளுக்கி. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். தொப்பி, ஈரத் துவாய், கைப்பை எல்லாம் அதில். கோட்டைத் தொங்கவிட்டால் மட்டும் மெல்லமெல்லக் கீழே இறங்கும். மின்சாரத்துக்கு எங்கள் மூன்று பின் பிளக் உதவாது. அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு அடப்டரும் பல வாய் உள்ள யுஎஸ்பி சார்ஜரும் போதும். சர்ஜ் பாதுகாப்புள்ள (மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் தடுக்கும்) நீட்டல் வயரைக் கப்பல்காரர் அனுமதிப்பதில்லை. வீட்டில் சுட்ட பலகாரத்துக்கும் பொதுவாக அனுமதி இல்லை; கடையில் முத்திரையிட்டு வாங்கிய பருத்தித்துறை வடை எங்களோடு பத்திரமாகப் பயணம் செய்திருக்கிறது.

உடுப்புத் தோய்க்கும் வசதியைப் பதிவு செய்யும்போதே பாருங்கள். பிரின்ஸஸ், கார்னிவல் கப்பல்கள் பெரும்பாலானவற்றில் நாமே தோய்க்கும் இயந்திர அறை உண்டு. ரோயல் கரீபியனில் இல்லை, கொடுத்துத்தான் தோய்க்க வேண்டும். நாங்கள் உள்ளுடுப்பையும் மெல்லிய ரீசேர்ட்டையும் குளியலறையில் அலசி அங்கேயே உள்ள இழுகயிற்றில் போடுகிறோம். குளிரூட்டிய அறையில் செயற்கை இழை ஒரு இரவில் காயும், தடித்த பருத்தி காயாது. இதனால் பகல் உடுப்பைப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

துறைமுக நாட்களுக்கு அதிகம் வேண்டாம். புக்கெட்டில் பல தடவை கப்பல் பட்டோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களை இறக்கும். நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு போடுங்கள். அங்கே வட் சலோங் விகாரைக்குப் போவதென்றால் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். பினாங்கில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ஜோர்ஜ்டவுனின் மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போகலாம். பருத்தி சல்வார் ஒன்று இரண்டு ஊருக்கும் போதும்.

கடைசி இரவு பெட்டியை நள்ளிரவுக்கு முன் அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் முனையத்தில் நிற அட்டை பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நாள் உடுப்பையும் சப்பாத்தையும் வெளியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்று குறைத்த பிறகு நாங்கள் இதைச் செய்வதே இல்லை. பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு இறங்குகிறோம். அப்படி இறங்குகிறவர்களைத்தான் முதலில் விடுவார்கள், மதிய விமானத்தைப் பதற்றமில்லாமல் பிடிக்கலாம். சுமையைக் குறைத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய இலாபம் இதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் வேலைதான் இந்த உடுப்புகளை இத்தனை வருடம் காப்பாற்றியது. கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வையோடு அலுமாரிக்குள் போன கோட்டில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் காற்றில் போட்டு, துணி உறைக்குள் வைக்கிறேன், பிளாஸ்டிக் உறை வேண்டாம். சேலையை மடிப்பு மாற்றி மடிக்கிறேன். சப்பாத்தில்தான் கவனம் வேண்டும். எப்போதாவது போடும் ஃபோர்மல் சப்பாத்தின் அடி பொலியுரத்தேன் என்ற செயற்கைப் பொருளாக இருந்தால், போடாமல் வைத்திருக்கும்போதே ஈரக்காற்றில் அது உதிரத் தொடங்கும். வெளிப்பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும், சாப்பாட்டு மண்டபத்துக் கம்பளத்தில் நாலு அடி வைத்ததும் கறுப்புத் தூளாகக் கொட்டும். பக்கத்து மேசைக்காரர் ஒருவருக்கு அப்படி நடந்து, அவர் ஓட்டச் சப்பாத்தோடு வந்து சாப்பிட்டார். கணவர் இப்போது தோல் அடி வைத்த சோடி ஒன்றையே அலுவலகத்துக்கும் கப்பலுக்கும் போடுகிறார். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தை வரை ஒரு நடை போய் வருவார். அடி கழன்றால் தைக்க இங்கே ஆள் இருக்கிறார்.