கிளவ் பாக்ஸ் இல்லாத லேபில் கார்பீன் காம்ப்ளெக்ஸ்: கார்பனேட்டா, சில்வரா, தனிக் கார்பீனா?

இமிடசோலியம் உப்பின் (இரண்டு நைட்ரஜன் உள்ள ஐந்தணு வளைய உப்பு) இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தைக் கட்ட வேண்டும். என்-ஹெட்டரோசைக்ளிக் கார்பீன் (நைட்ரஜன் வளையத்தில் இரண்டு பிணைப்பு மட்டும் உள்ள கார்பன்) காம்ப்ளெக்ஸ் என்றால் வேலை இவ்வளவுதான். எதை வைத்துக் கழற்றுகிறோம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன: கார்பனேட், சில்வர் ஆக்சைடு, அல்லது வலுவான பேஸ் (காரம்). கடைசியதில் உலோகம் சேரும்முன் கார்பீன் தனியாகவே கிடைக்கும். 1991இல் அர்டுவெங்கோ தனிக் கார்பீனைப் படிகமாகவே பிரித்துக் காட்டினார். அதனால் பாடத்தில் அந்த வழிக்குத்தான் முதலிடம். ஐப்பசி மழையில், காற்றுப் புகாத கிளவ் பாக்ஸ் இல்லாமல் ஷ்லெங்க் லைன் (வேக்கமும் மந்த வாயுவும் மாற்றி மாற்றித் தரும் கண்ணாடிக் குழாய்) மட்டும் இருக்கும் சென்னை லேபில் அதைக் கடைசியாகத் தொடுவதே புத்திசாலித்தனம்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1 மில்லிமோல் உப்புக்கு 10 மில்லி டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பான் எடுக்கிறோம். அதன் எடை சுமார் 8.9 கிராம். அதில் 0.1 சதவீதம் தண்ணீர் இருந்தால் 8.9 மில்லிகிராம், அதாவது 0.5 மில்லிமோல். போட்ட பேஸில் பாதி அங்கேயே காலி. மிச்சம் வரும் கார்பீனையும் ஈரம் விடாது. வளையம் உடைந்து ஃபார்மமைடாகிவிடும். இங்கே பேஸாகப் போடும் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடும் நம்ம ஊர்க் காற்றில் நிறுக்கும்போதே பேப்பரில் ஒட்டும். மாவாக உதிர்ந்தால் நல்ல சரக்கு. கட்டி கட்டியாக இருந்தால் பாதி ஹைட்ராக்சைடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரைப்பானை 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவில் இரண்டு நாளாவது வைத்தபின் எடுங்கள். இன்னொன்று: லைனில் ஆர்கான் ஓடினால், வேக்கம் டிராப்பில் திரவ நைட்ரஜன் இருக்கும்போது ஆர்கான் உள்ளே இழுபடக் கூடாது. ஆர்கான் மைனஸ் 186 டிகிரியிலேயே திரவமாகித் தேங்கும். பிறகு சூடேறினால் வெடிப்பு.

இவ்வளவு தொல்லையும் படவேண்டிய இடங்கள் உண்டு. முதல் தலைமுறை கிரப்ஸ் காம்ப்ளெக்ஸில் (ருத்தீனியம் வினையூக்கி) ஒரு பாஸ்பீனைத் தள்ளிவிட்டுக் கார்பீனை உட்கார வைப்பது, பூஜ்ய நிலை நிக்கலோடு சேர்ப்பது போன்றவை.

காப்பருக்கும் கோல்டுக்கும் கார்பனேட் வழியே போதும். 2013இல் இது வெளியானபின், இந்த இரண்டுக்கும் தனிக் கார்பீன் செய்வது வீண் வேலை. ஐபிஆர் (இரு நைட்ரஜனிலும் பருத்த டைஐசோபுரொப்பைல்பீனைல் தொகுதி உள்ளது) குளோரைடு உப்பு 425 மில்லிகிராம், கியூப்ரஸ் குளோரைடு 99 மில்லிகிராம், நன்றாக அரைத்த பொட்டாசியம் கார்பனேட் 276 மில்லிகிராம், சாதாரண அசிட்டோன் 3 மில்லி. 60 டிகிரி பாத்தில் 24 மணி நேரம். ஆர்கான் வேண்டாம். அசிட்டோனை ஆவியாக்கி, டிசிஎம்மில் (டைகுளோரோமீத்தேன்) கரைத்து, சிறு சிலிக்கா படுகை வழியே வடிகட்டி, சுண்டவைத்து ஹெக்சேன் விட்டால் வெள்ளைத் தூள் இறங்கும்.

பேஸ் இவ்வளவு வலுக்குறைந்ததாக இருந்தும் எப்படி நடக்கிறது? முதலில் உப்பும் கியூப்ரஸ் குளோரைடும் சேர்ந்து குப்ரேட் உப்பாகின்றன (காப்பர் எதிர் அயனியில் இருக்கும் உப்பு). ஹைட்ரஜன் கழல்வது அதற்குப் பிறகுதான். ஆகவே எல்லாம் கரைந்துவிட்டதே என்று 2 மணி நேரத்தில் நிறுத்தினால் கையில் கிடைப்பது குப்ரேட்தான். புரோட்டான் என்எம்ஆரில் இமிடசோலியத்தின் இரண்டாம் கார்பன் ஹைட்ரஜன் பீக் அடியோடு போயிருக்க வேண்டும். இடம் நகர்ந்து நின்றால் வேலை முடியவில்லை.

சொதப்பும் இடங்கள்: கியூப்ரஸ் குளோரைடு பச்சையாக இருந்தால் காப்பர் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், எத்தனால், ஈதர் என்று வரிசையாகக் கழுவி வேக்கத்தில் உலர்த்துங்கள். புரோமைடு உப்பைப் போட்டால் குளோரோவும் புரோமோவும் கலந்த சரக்கு வரும். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும்; மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து கண்டென்சருக்கு வருவதோ வெந்நீர். காலையில் வந்து பார்த்தால் பிளாஸ்க் வறண்டு கிடக்கும். சிறிய அளவுக்கு ஸ்க்ரூ மூடி வயல் போதும், பாதிக்கு மேல் நிரப்பாமல். கோல்டில் ஊதா நிறம் தெரிந்தால் உலோகமாகப் பிரிகிறது என்று அர்த்தம்.

சில்வர் வழி 1998இல் வாங், லின் இருவரும் தந்தது. பிக்கோலில் (பிரிடின் வளையமும் மெத்திலீனும் சேர்ந்தது) மாதிரி கை உள்ள உப்புக்குப் பொதுவாக இதுவே நல்ல வழி. அந்தக் கையின் மெத்திலீன் ஹைட்ரஜனையும் வலுவான பேஸ் பிடுங்கிவிடும். சில்வர் ஆக்சைடு பொதுவாக அதைத் தொடாது. 1 மில்லிமோல் குளோரைடு உப்பு, சில்வர் ஆக்சைடு 139 மில்லிகிராம், டிசிஎம் 10 மில்லி. ஃபாயில் சுற்றி ஒரு இரவு கலக்கி, சீலைட்டில் (வடிகட்டும் டயட்டம் மண் தூள்) வடித்து, பல்லேடியம் அசிட்டோநைட்ரைல் குளோரைடு 259 மில்லிகிராம் சேர்த்தால் சில்வர் குளோரைடு தயிராகத் திரியும். உடனே வடிக்காதீர்கள்; நுண்துகள் சீலைட்டையும் தாண்டும். அரை மணி இருட்டில் படியவிட்டு, பிறகு இருமுறை வடியுங்கள். டிசிஎம் 40 டிகிரியில் கொதிக்கும் என்பதால் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் இதைத் தொடவே வேண்டாம்.

ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பை வைத்தால் ஹாலைடு இல்லாததால் இரட்டைக் கார்பீன் சில்வர் அயனிதான் வரும். ஐபிஆர் போன்ற பருத்த உப்புகள் இங்கே மெதுவாகவே நகரும். கார்பன்-13 என்எம்ஆரில் 180 பிபிஎம் பக்கம் சில்வரால் பீக் பிளவுபடுவது தெரியாவிட்டால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். கார்பீன் வேகமாக இடம் மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பிளவு மறைந்துபோகும்.