ஸ்கேனில் தெரிந்த வெள்ளைக் கோடு

பெர்த்தில் எடுத்த 20ஆம் வார ஸ்கேன் அறிக்கையில் ஒரே வரி: கருப்பைக்குள் சவ்வு தெரிகிறது, மீண்டும் பார்க்கவும். விளக்கம் எதுவும் சொல்லாமல் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தோம். ஐந்து மணி நேரமும் வயிற்றில் கை வைத்தபடியே சிங்கப்பூர் வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் நேரம் கிடைத்தது. இருபது நிமிடம் காக்க வைத்தார்கள், சரி, அது பரவாயில்லை. டாக்டர் சீனப் பெண்மணி, தாதி நம் தமிழ்ப் பெண். அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

திரையில் மெல்லிய வெள்ளைக் கோடு. கருப்பைச் சுவரோடு சேரும் இடத்தில் தடிப்பாக இருந்தது, மறு ஓரம் நீருக்குள் தனியாக நின்றது. டாக்டர் கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாப்பாவின் கால் இந்தப் பக்கம் உதைத்தது. கொஞ்சம் பொறுத்து, அதே கால் ஓரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. எங்கும் ஒட்டவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்புறம் கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"பிள்ளை மேல சுத்திக்குமா?" என்று அம்மா கேட்டார்.

"சுத்தாதும்மா. நம்ம புளோக்ல மூங்கில் கழில துணி காயப்போடுவோம்ல? கழிதான் பழைய தழும்பு, துணிதான் பனிக்குடச் சவ்வு. தழும்பு மேல மடிஞ்சு தொங்குது, அவ்வளவுதான்" என்றார் தாதி.

இரண்டு வருடம் முன்பு கரு கலைந்து டி அண்ட் சி, அதாவது கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் சிகிச்சை, செய்திருந்தேன். அதனால் வந்த தழும்பின் மேல் விழுந்த மடிப்பைத்தான் அம்னியாட்டிக் ஷீட் என்கிறார்கள். நான் இரவெல்லாம் போனில் படித்துப் பயந்த அம்னியாட்டிக் பேண்ட் வேறு. அதில் உட்சவ்வு கிழிந்து, இழையாகி, குழந்தையின் விரலையோ காலையோ இறுக்கிவிடும். ஷீட் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. குழந்தை வளர வளர அமுங்கிப் பல சமயம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுமாம். கடைசி மாதங்களில் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

மானியம் இல்லாத தனியார் கட்டணம்தான், ஆனாலும் கொடுத்ததில் வருத்தமில்லை. ஊருக்கு வந்து ஸ்கேன் பார்க்க நினைப்பவர்கள் பழைய சிகிச்சைத் தாள்களையும் எடுத்து வாருங்கள். என் டி அண்ட் சி கடிதத்தைப் படித்த பிறகுதான் டாக்டர் நேராக அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார்.