பழைய கிராண்ட் விட்டாராவுக்குப் பாலியூரித்தேன் டிஃபரன்ஷியல் புஷ் செட்: வீட்டிலேயே பொருத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

மாருதி நிறுவனம் 2007 முதல் சில ஆண்டுகள் ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்குமதி செய்து விற்ற கிராண்ட் விட்டாராவை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு, எஞ்சினைக் காட்டிலும் ரப்பர் சாமான்களே அதிகத் தொல்லை தருகின்றன. அவற்றுள் முதலிடம், எஞ்சின் விசையைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான பின் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்களுக்குத்தான். கிருஷ்ணகிரியில் என் வீட்டு வாசலிலேயே தேய்ந்த புஷ்களைக் கழற்றி, இணையத்தில் வாங்கிய, ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான செட் ஒன்றைப் பொருத்தி, ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்ந்த புஷ்ஷால் வரும் அடியையும் ஆட்டத்தையும் இந்தச் செட் முழுமையாக நிறுத்துகிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு ரப்பர் புஷ்ஷைவிட எளிதில் பொருந்துகிறது. ஆனால் அதுவரை கேட்காத பற்சக்கர ஓசையை வண்டிக்குள் கொண்டுவந்து விடுகிறது. அந்த ஓசையைப் பொறுத்துக்கொள்ள இயலுமா என்பதைக் கொண்டே வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே அச்சில் வார்த்தவை போன்ற செட்டுகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், உறையில் இருந்த பெயரை இங்கே எழுதவில்லை.

இந்த வண்டியின் பின் சஸ்பென்ஷன் இரு பக்கமும் தனித்தனியாக இயங்குவது என்பதால், டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. அடிச்சட்டத்தோடு புஷ்கள் வழியாகப் பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. எஞ்சினின் விசை சக்கரங்களைச் சுழற்றும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழ முயலும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கீழே இறங்கும். இந்த எழுச்சியை அடக்குவதும், பற்சக்கரங்களின் அதிர்வு வண்டியின் உடலுக்குள் ஏறாமல் தடுப்பதும் புஷ்ஷின் வேலைகள். வெளியே ஓர் எஃகு வளையம், நடுவில் போல்ட் நுழையும் எஃகுக் குழாய், இரண்டுக்கும் இடையில் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர், அந்த ரப்பரில் வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடங்கள் என்பதுதான் ஒரிஜினல் புஷ்ஷின் அமைப்பு. வயதும் வெப்பமும் ரப்பரை வெடிக்கச் செய்யும். கசியும் கியர் ஆயில் பட்டால் அது ஊறி உப்பிக் கொழகொழத்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் முன், பின் சக்கரங்களுக்குப் போகும் விசையை ஒன்றாகப் பூட்டிவிடும் லாக் நிலையைப் போட்டு ஓட்டும் பழக்கமும், நான்கு சக்கரங்களிலும் வெவ்வேறு தேய்மானம் கொண்ட டயர்களை மாட்டி ஓட்டுவதும் விசைத்தொடர் முழுவதையும் முறுக்கி இந்தப் புஷ்களின் ஆயுளைக் குறைக்கின்றன. இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போய்க்கொண்டே இருக்கிறது என்பதால், காட்டுப்பாதைக்கே போகாத வண்டியிலும் புஷ் தேயத்தான் செய்யும்.

தேய்ந்ததன் அடையாளம் தொப்பூர் கணவாயில் நன்றாகத் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது கியரில் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தியபடி காலை எடுப்பதும் மிதிப்பதுமாக வருவோம் அல்லவா, ஒவ்வொரு முறையும் பின் சீட்டுக்கு அடியில் ‘டொக்’ என்று ஓர் அடி விழும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதும் அதே அடிதான். ஆனால் இதே சத்தத்தை, விசையை டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுவரும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் என்னும் மூட்டு தேய்ந்தாலும் கேட்கலாம், எஞ்சின் மவுண்ட் போனாலும் கேட்கலாம். நம் பக்கத்து மெக்கானிக்குகள் பெரும்பாலும் கிராஸைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார்கள். லாரிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பும்கூட. செட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிஃபரன்ஷியலுக்கும் சட்டத்துக்கும் இடையில் நீண்ட நெம்புகோலை விட்டு அசைத்துப் பார்த்துவிட வேண்டும். நல்ல புஷ் சற்றே இசைந்து கொடுத்துத் திரும்பும். என் வண்டியில் நடுக்குழாய் ரப்பரிலிருந்து முழுவதும் பிரிந்து, ஒரு பக்க வெற்றிடத்தின் சுவரில் போய் மோதி நின்றது. மோதிய இடத்தில் ரப்பர் கண்ணாடி போல் பளபளத்துத் தேய்ந்திருந்தது.

ரப்பரிலேயே புதிது போடலாம் என்றுதான் முதலில் விசாரித்தேன். ஒரிஜினல் உதிரிபாகம் இறக்குமதிப் பொருள் என்பதால் காத்திருப்பும் விலையும் அதிகம். பாலியூரித்தேன் செட் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. இணையத்தில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022இல் அதே கிராண்ட் விட்டாரா என்ற பெயரில் வந்தது முற்றிலும் வேறொரு வண்டி. பெயரை மட்டும் அடித்துத் தேடினால் புதிய வண்டியின் சாமான்களே வரிசையாக வந்து நிற்கும். ஆண்டையும் எஞ்சின் அளவையும் சேர்த்துக் கொடுத்து, அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் உறுதி செய்துகொள்வதே நல்லது. நான் வாங்கிய இடத்தில் இதைக் கேட்டவுடன் சேஸிஸ் எண்ணை வாங்கிச் சரிபார்த்தே அனுப்பினார்கள். அந்தப் பொறுப்பைப் பாராட்ட வேண்டும்.

பெட்டியைப் பிரித்தபோது பொருளின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு புஷ்ஷும் விளிம்பு வைத்த இரண்டு பாதிகளாக வருகிறது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைத்து நடுவில் எஃகுக் குழாயைச் செருக வேண்டும். வார்ப்பில் காற்றுக் குமிழோ பிசிறோ இல்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தபோது நடுக்குழாயின் நீளம் பழைய குழாயின் நீளத்தோடு ஒத்திருந்தது. இது சிறிய செய்தி அன்று: குழாய் குட்டையாக இருந்தால் போல்ட்டை முறுக்கும்போது பாலியூரித்தேனே நசுங்கிப் பிடித்துக்கொள்ளும், நீளமாக இருந்தால் ஆட்டம் மிஞ்சும். குறை இருப்பது விளக்கத் தாளில்தான். பழைய புஷ்ஷின் வெளி எஃகு வளையத்தை விட்டுவைக்க வேண்டுமா, எடுத்துவிட வேண்டுமா என்ற அடிப்படையான கேள்விக்கு அதில் பதிலே இல்லை. புதிய புஷ்ஷின் வெளி விட்டத்தை அளந்து, வளையத்தின் உள் விட்டத்தோடும் வீட்டின் உள் விட்டத்தோடும் ஒப்பிட்ட பிறகே, வளையம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. இங்கே ‘வீடு’ என்பது புஷ் உட்காரும் துளையைக் குறிக்கும். பட்டறையில் ஹவுசிங் என்பார்கள். உடன் தந்திருந்த சிலிக்கான் கிரீஸ் பொட்டலமும் எல்லாப் புஷ்களுக்கும் போதாத அளவுக்குச் சிறியது. தனியே ஒரு குப்பி வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

இனி வேலைக்கு வருகிறேன். வீட்டில் செய்வோர் எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் வைக்க வேண்டியது வண்டி உருளும் ஆபத்து. கை பிரேக் பின் சக்கரங்களையே பிடிக்கிறது. அவற்றைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. கியரில் நிறுத்தியிருக்கிறோம் என்ற நம்பிக்கையும் இந்த வண்டியில் செல்லாது. பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றியவுடன், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் லாக் ஆகாத நிலையில் இருந்தால், கழற்றிய பக்கம் தாராளமாகச் சுழலும், முன் சக்கரங்களும் தடையின்றி உருளும். ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சமதளமான சிமெண்டுத் தரையில், சட்டத்தின் பலமான இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே அடியில் நுழைய வேண்டும். செங்கல் அடுக்கி அடியில் படுப்பவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் இணையும் தட்டுகளான ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கழற்றினால், திரும்ப அதே நிலையில் மாட்டலாம். இல்லையென்றால் அதிர்வு வர வாய்ப்புண்டு. டிஃபரன்ஷியலுக்கு அடியில் டிராலி ஜாக்கியை முட்டுக் கொடுத்து, மேலே செல்லும் மூச்சுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்தி மெல்ல இறக்கினால் புஷ்கள் கைக்கு எட்டும். இறக்குவதற்கு ஒருவர் துணை வேண்டும். ஜாக்கியை என் மைத்துனர் பார்த்துக்கொண்டார்.

முழு வேலையிலும் பாடுபடுத்துவது பழைய புஷ்ஷை எடுக்கும் பகுதிதான். விற்பவர்களின் காணொளிகள் இதைத்தான் ஓட்டிவிடுகின்றன. புஷ்ஷைத் தாங்கியபடி கையோடு கழன்று வந்த பிராக்கெட்டைப் பெங்களூரு சாலைப் பக்கம் உள்ள லேத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கிரானைட் குவாரி வண்டிகளின் சாமான்களுக்கு நடுவே என் பிராக்கெட்டைப் புரட்டிப் பார்த்த பட்டறைக்காரர், “கொளுத்தி விட்டா ரப்பர் தானா வந்துரும்ணா, அஞ்சு நிமிஷ வேலை” என்றார். எரியும் ரப்பரின் புகையும் பிராக்கெட்டுக்கு ஏறும் சூடும் வேண்டாம் என்று சொன்னதும் முகம் சுளிக்காமல் பிரஸ்ஸில் வைத்தார். ஆனால் நேரே அழுத்தவில்லை. வளையத்தின் விளிம்பளவுக்கே ஒரு துண்டுக் குழாயைக் கடைந்து எடுத்து, அதை அடியில் தாங்கலாக வைத்து, புஷ்ஷைச் சுற்றியுள்ள பிராக்கெட்டின் ‘காது’ விரியாதபடி தள்ளி எடுத்தார். சிறிய கூலிக்கு இவ்வளவு நிதானமாகச் செய்து கொடுக்கும் பட்டறைகள் நம் ஊரில் இருப்பது வீட்டில் வேலை செய்பவர்களுக்குப் பெரிய பலம்.

வண்டியின் அடியிலேயே இருந்துவிட்ட புஷ்ஷுக்கு அந்த வசதி இல்லை. ரப்பரைச் சுற்றிலும் நெருக்கமாக டிரில் போட்டு நடுக்குழாயைத் தட்டி வெளியேற்றி, எஞ்சிய வளையத்துக்குள் ஆக்ஸா பிளேடை விட்டு உட்புறமிருந்து அறுக்க வேண்டும். வளையம் முழுவதும் அறுபடுவதற்கு ஒரு நூலளவு முன்பே நிறுத்திவிட்டு உளியால் உள்நோக்கி மடக்கினால், வீட்டில் கீறல் விழாமல் சுருண்டு வந்துவிடும். படுத்தபடியே அறுப்பதால் தூள் கண்ணில் விழும். கண்ணாடி இல்லாமல் செய்யக் கூடாது. உள்ளே இருந்த துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தபின் புதிய பாதிகள் கைவிசையாலும், கடைசி அங்குலத்துக்கு ஒரு நீண்ட போல்ட், இரண்டு வாஷர், நட்டு ஆகியவற்றாலும் உள்ளே போய்விட்டன. பிரஸ் தேவைப்படாத இந்த எளிமைதான் செட்டின் பெரிய சிறப்பு. ரப்பர் புஷ்ஷாக இருந்தால் வெற்றிடம் எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். இதில் அந்தக் கவலையும் இல்லை. சிலிக்கான் கிரீஸைக் குழாயின் வெளிப்புறத்திலும், புஷ்ஷின் உள்ளும் புறமும், விளிம்பின் முகத்திலும் தாராளமாகப் பூச வேண்டும். கஞ்சத்தனம் செய்தால் பின்னர் கிறீச்சிடும்.

சஸ்பென்ஷன் புஷ்களுக்குச் சொல்வது போல வண்டியைத் தரையில் இறக்கிய பின்பே இறுக்க வேண்டும் என்ற விதி இங்கே பொருந்தாது. டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு ஆடுவதில்லையே. எல்லாப் போல்ட்டுகளையும் கையால் திருகிவிட்டு, ஜாக்கியைச் சற்றுத் தளர்த்தி, டிஃபரன்ஷியல் தன் இயல்பான நிலைக்கு வந்த பிறகு, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினால் போதும். அடியில் இருக்கும்போதே கியர் ஆயிலையும் மாற்றிவிடலாம். ஊற்றும் துளையின் மூடி கழல்கிறது என்று உறுதியான பிறகே வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

முதல் கியரில் நகர்ந்த கணத்திலேயே மாற்றம் தெரிந்தது. அந்த ‘டொக்’ அறவே இல்லை. கிளட்சை விட்டதும் விசை உடனே சக்கரத்துக்குப் போகிறது. முன்பு புஷ் நகர்ந்து முட்டிய பிறகே வண்டி கிளம்பியது என்பது இப்போதுதான் உறைக்கிறது. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையின் ஏற்ற இறக்கங்களில் காலை எடுத்தாலும் மிதித்தாலும் வண்டி ஒரே கட்டாகச் செல்கிறது. குறைந்த கியர் விகிதமான ஃபோர் எல் லாக்கில் கற்கள் நிறைந்த மேட்டில் ஏற்றிப் பார்த்தபோதும் பின்னாலிருந்து ஓர் உதறல்கூட வரவில்லை.

ஓசை தெரிவது தேசிய நெடுஞ்சாலை 44இல்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி 80இலிருந்து 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு போகும்போது, பின்னாலிருந்து மெல்லிய ‘ஙொய்ங்’ என்ற பல் ஓசை எழுகிறது. வேகம் கூடினாலோ குறைந்தாலோ டயர் சத்தத்தில் கலந்து மறைந்துவிடுகிறது. முன் சீட்டில் இருப்பவர்கள் பாட்டுப் போட்டால் கேட்காது; பின் சீட்டில் தூங்க முயல்பவர்களுக்குக் கேட்கும். என் மாமியார் முதல் பயணத்திலேயே, “மாப்ளே, பின்னாடி ஏதோ மிஷின் ஓடுற மாதிரி இருக்குதே” என்று கேட்டுவிட்டார். டிஃபரன்ஷியலில் புதிதாக எதுவும் கெடவில்லை. ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த ஓசையைக் கெட்டியான பாலியூரித்தேன் விழுங்காமல் கடத்துகிறது, அவ்வளவே. கிரீஸ் காய்ந்ததற்கான கிறீச்சு இதுவரை இல்லை.

பெங்களூருக்கும் சேலத்துக்குமாக நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு, காத்திருந்தாலும் ரப்பரையே போடுங்கள் என்பேன். அஞ்செட்டி, தளி, வத்தல்மலைப் பக்கம் அடிக்கடி ஏறுபவர்களும், பிரஸ் வசதி இல்லாமல் வீட்டிலேயே முடிக்க நினைப்பவர்களும் இதைத் தயங்காமல் வாங்கலாம். செட்டில் போல்ட்டுகள் வருவதில்லை. பழைய போல்ட்டின் மரை துருவேறியிருந்தால் அதே நீளத்திலும் மரை அளவிலும், தலையில் பொறித்திருக்கும் 8.8 அல்லது 10.9 என்ற அதே தர எண்ணிலும் புதிது வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டையே கையில் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லிக் கேட்டால் லாரிக்குரிய பெரிய மரையைத்தான் எடுத்துப் போடுவார்கள்.