பின் இடது மூலை: பழைய ஆம்னியோடு என் அனுபவம்

என்னுடையது 2009 மாடல் மாருதி ஆம்னி கார்கோ. 2012-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தூத்துக்குடியில் கேன் தண்ணீர் போடுகிற தொழில், அன்றிலிருந்து இந்த ஒரே வண்டிதான். எஞ்சினைப் பற்றி ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், எந்த மெக்கானிக்கும் தூக்கத்தில்கூடப் பிரித்து மாட்டிவிடுவார். என்னைப் பாடாய்ப் படுத்தியது வண்டியின் பின்பக்கம், அதிலும் இடது மூலை. அந்த மூலை மட்டும் உட்கார்ந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை செலவு செய்து, நாலாவது தடவைதான் ஏன் என்று பிடிபட்டது.

20 லிட்டர் கேன் நிரம்பினால் ஏறக்குறைய 21 கிலோ. 25 கேன் ஏற்றினால் ஐநூறு கிலோவைத் தாண்டிவிடும். நான் சில நாள் முப்பதும் ஏற்றியிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. 2016 வாக்கில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது பின்பக்கம் ‘டொங்’ என்று அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற ஆக்சில் மேலே வந்து ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கிற சத்தம். பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள், “அண்ணாச்சி, வண்டி சாஞ்சு போகுது” என்று சொல்லாத நாள் இல்லை.

முதலில் எல்லோரும் சொன்னது ஷாக் அப்சார்பர். ஒரு ஜோடி புதிதாகப் போட்டேன். ஆட்டம் குறைந்தது, உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. ஏறாது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆம்னியில் இருக்கிற மாதிரி சாதாரண ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குகிற பொருள் அல்ல. ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவதுதான் அதன் வேலை. வண்டியைத் தூக்கி நிறுத்துவது பட்டைக் கட்டு, அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். வண்டி உட்கார்ந்துவிட்டது என்று யார் போனாலும் ஷாக்கை மாற்றச் சொல்கிற பட்டறை ஒன்றாவது எல்லா ஊரிலும் இருக்கிறது.

அப்புறம் லாரிகளுக்குப் பட்டை வேலை செய்கிற ஓர் இடத்துக்குப் போனேன். துறைமுக ஊர் என்பதால் அதற்குப் பஞ்சமில்லை. இடது பட்டைக் கட்டைக் கழற்றிப் பிரித்தபோது, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புக்கு அடியில் ஒரு பட்டை உடைந்து கிடந்தது. வெளியே இருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. உடைந்த பட்டை, தட்டையாகிப்போன மற்ற பட்டைகள் என்று காரணம் கண்ணெதிரே இருந்ததால் நானும் நம்பினேன். உடைந்ததை மாற்றி, இரண்டு கட்டுக்கும் வளைவு எடுத்து, ‘லோடு வண்டிதானே’ என்று பக்கத்துக்கு ஒரு எக்ஸ்ட்ரா பட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது. லோடோடு போகும்போது நன்றாகத்தான் இருந்தது. காலி வண்டியில் திரும்பும்போதுதான் தண்டனை. சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் குதிக்கும், காலி கேன்கள் உள்ளே கோலாட்டம் ஆடும். பின்பக்கம் எழும்பியதில் ஹெட்லைட் வெளிச்சம் வேறு பம்பருக்கு முன்னாலேயே விழுந்தது.

அங்கே இன்னொரு தவறும் நடந்தது. வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே ஷேக்கிள் (பட்டைக் கட்டின் ஒரு முனையைப் பாடியோடு இணைக்கிற தொங்கு இணைப்பு) புஷ் போல்ட்டுகளை முழுக்க டைட் செய்துவிட்டார்கள். ரப்பர் புஷ்ஷை அப்படி இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருந்து, வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகுதான் கடைசி டைட். தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளைக்கு வண்டி உயரமாக நிற்கிற மாதிரி ஏமாற்றும், பிறகு ரப்பர் கிழியும். எனக்கு ஆறே மாதத்தில் கிழிந்தது. புது புஷ் போட்டதோடு சரி, காரணத்தைப் பற்றி அப்போதும் யோசிக்கவில்லை.

2019-ல், ஆம்னி தயாரிப்பே நின்றுபோன அந்த வருஷம், இடது மூலை மறுபடியும் இறங்கியது. கடையில் சும்மா கிடந்த டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தது அப்போதுதான். மூன்று வருஷம் முன்பே செய்திருக்க வேண்டியது.

தரையிலிருந்து அளக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். டயரில் காற்று குறைந்திருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். சக்கரத்தின் நடுவிலிருந்து, அதற்கு நேர் மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளந்தேன். சமமான சிமெண்ட் தரை, காலி வண்டி, உள்ளே யாரும் உட்காரவில்லை. அளப்பதற்கு முன் வண்டியை நாலைந்து முறை அமுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டும். எனக்கு வலதைவிட இடது 18 மி.மீ. இறக்கம்.

பின்னால் சாய்வதற்கு முன்பக்கமும் காரணமாக இருக்கலாம். ஒரு முன் காயில் ஸ்பிரிங் தளர்ந்தால் பாடி மொத்தமும் சாயும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பின் சக்கரங்கள் உருளாமல் கட்டை கொடுத்துவிட்டு, முன்பக்கம் அடியில் குறுக்கே போகிற கிராஸ் மெம்பருக்குச் சரியாக நடுவில் ஜாக்கி வைத்து, முன் சக்கரங்கள் லேசாகத் தரையை விடுகிற வரை தூக்க வேண்டும். இப்போது பாடி எந்தப் பக்கம் சாய்வது என்பதை முடிவு செய்வது பின் பட்டைகள் மட்டுமே. சாய்வு மறைந்தால் குற்றவாளி முன்பக்கம். எனக்கு மறையவில்லை. அந்த நிலையில் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், அளக்கும் வேலை எல்லாம் வெளியே நின்றே செய்யலாம்.

இரண்டு பக்கமும் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை அளந்து பார்த்தேன். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் ஒடிந்தால் ஆக்சில் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். அதுவும் இல்லை, இரண்டும் ஒரே அளவு.

மிச்சம் பட்டைதான். வண்டியை இறக்கி எடை முழுக்க சக்கரத்தில் நிற்கும்போது, பட்டையின் ஒரு கண்ணிலிருந்து (முனையில் போல்ட் போகிற வளையம்) மறு கண்ணுக்கு நூல் பிடித்து, நடுவில் வளைவின் ஆழத்தைப் பார்த்தேன். இடது, வலது இரண்டும் ஒன்றே. இதில்தான் குழம்பிப்போனேன். பட்டை சரி, டயர் சரி, முன்பக்கம் சரி, ஆனால் பாடி 18 மி.மீ. கீழே. பக்கத்துத் தெரு டிங்கரிங் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தான். ‘டங், டங்’ என்று வந்த சத்தம், இடது ஷேக்கிள் ஹேங்கர் (ஷேக்கிளைப் பாடியில் பிடித்திருக்கும் பிராக்கெட்) பக்கத்தில் ‘பொத்’ என்றது. ஸ்குரூ டிரைவர் உள்ளேயே போய்விட்டது.

“அண்ணாச்சி, பட்டைய விடுங்க. பட்டை நின்ன எடத்துலதான் நிக்குது, பாடிதான் அதுமேல உக்காந்துருச்சு.”

ஆம்னிக்கு லாரி மாதிரி தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தளத்துக்கு அடியில் பற்றவைத்த பெட்டி மாதிரியான மெம்பரில்தான் ஹேங்கர் நிற்கிறது. அந்தப் பெட்டி உள்ளுக்குள் துருப்பிடித்து, ஹேங்கர் அதற்குள் புதைந்து மேலே ஏறியிருந்தது. துருவுக்குக் காரணம் நான்தான். கேன் மூடியில் கசிகிற தண்ணீர் தளத்தில் போட்டிருந்த விரிப்புக்கு (மேட்) அடியில் இறங்கும். நம் ரோடு இடது ஓரத்துக்குச் சரிவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் எப்போதும் இடது பக்கமே தேங்கும். கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. எக்ஸ்ட்ரா பட்டை வேறு விறைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடியையும் அந்தத் துருப்பிடித்த இடத்திலேயே இறக்கியிருக்கிறது. இதற்கு ஒரு வருஷம் முன்பே இடது சறுக்குக் கதவு சரியாகப் பூட்டாமல் மக்கர் பண்ணியதை நான் கதவுக் கோளாறு என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை நான்கு நாள் பிடித்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை வெளியே எடுத்து வைத்த பிறகே வெல்டிங். துருவுக்கு மேலேயே தகடு ஒட்டுகிற வேலைக்கு அந்தத் தம்பி சம்மதிக்கவில்லை. நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டில் பெட்டி கட்டி, வலது பக்கத்தை அளந்து அதே உயரத்தில் ஹேங்கரை நிறுத்தினான். எக்ஸ்ட்ரா பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் புதுக் கட்டு, கட்டை ஆக்சிலோடு சேர்த்து இறுக்குகிற புது யூ போல்ட். ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டைட் செய்தோம். புதிதில் அது கொஞ்சம் தளரத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு 20 கேனுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஒரு நடை கூடுதல், அவ்வளவுதான். அந்த விரிப்பை எடுத்துவிட்டு மரச் சட்டம் போட்டிருக்கிறேன், தண்ணீர் சிந்தினால் கண்ணுக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்தச் சமயம், வண்டி பாதிச் சக்கரம் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. பின் ஆக்சில் எண்ணெய் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் வந்தது, மாற்றினேன். வெல்டிங் செய்த இடம் அசையவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுகிறேன். கடைசியாக அளந்தபோது இடதும் வலதும் 4 மி.மீ. வித்தியாசம், அதற்கெல்லாம் நான் அலட்டிக்கொள்வதில்லை. வலது ஷேக்கிள் புஷ்ஷில் மட்டும் வெடிப்பு தெரிகிறது. அடுத்த மாதம் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றப் போகிறேன். போல்ட்டை இறுக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன்.