ஐஇஎல்டிஎஸ் பதிவைக் கோச்சிங் சென்டர் கையில் விட்டு நான் பட்ட பாடு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் யாராவது வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்குக் கோச்சிங் சேரப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்டர் பெயரைப் போடப் போவதில்லை. சத்துவாச்சாரியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் சேர்ந்தேன். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பித்திருந்தேன். மொத்தத்தில் 9-க்கு 6.5 பேண்ட் (மதிப்பெண்) வேண்டும், லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்ற நாலு பகுதிகளில் எதிலும் 6-க்குக் குறையக் கூடாது, மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடெமிக் தேர்வாக இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தின் நகலைச் சென்டரில் கொடுத்தேன். அப்பா குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருப்பவர். 15,000 ரூபாயை எண்ணிக் கொடுத்ததும், "7 பேண்டுக்கு நாங்க கேரண்டி சார்" என்றார் அங்கிருந்தவர். ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் தேர்வு நடத்துபவர்களின் ஆட்கள் மதிப்பெண் போடுவது. அதற்கு இவர் எப்படிக் கேரண்டி தர முடியும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

தேர்வுக்குப் பதிவு செய்வதையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். "உனக்கு எதுக்கும்மா தலைவலி, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்." அதற்கு 21,500. உண்மையான கட்டணத்தைவிட நாலாயிரத்துக்கும் மேல் அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, பாக்கிப் பணம் கட்டிய பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். பதிவு செய்தது அவர்களுடைய மின்னஞ்சலில். எனக்கு வந்தது வாட்ஸப்பில் தேதியும் இடமும் மட்டும்.

வகுப்பு? இருபது கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மனப்பாடம் என்று தெரிந்தால் மதிப்பெண் குறையும் என்று யாரும் சொல்லவில்லை.

சென்னையில் தேர்வு. முந்தின நாளே ரயிலேறிச் சித்தி வீட்டில் தங்கினேன். லிசனிங் நன்றாகப் போனது. ரீடிங்கில் முதலில் வந்தவை சின்னச் சின்ன விளம்பரங்கள், அறிவிப்புகள். நமக்கு யோகம்தான், இவ்வளவு சுலபமாக வந்திருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம் ரைட்டிங். முதல் கேள்வியில் வரைபடமோ அட்டவணையோ இருக்கும், அதை 150 சொல்லில் விவரிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் பழகியிருந்தேன். திரையில் இருந்தது, ஒரு கடிதம் எழுதச் சொல்லும் கேள்வி. கை நடுங்கியது. வேலைக்கும் குடியேற்றத்துக்கும் போகிறவர்கள் எழுதும் ஜெனரல் டிரெய்னிங்கில் என்னைப் பதிவு செய்திருந்தார்கள்.

சுலபம் என்று நினைத்த ரீடிங்கும் சுலபமில்லை. அகாடெமிக்கில் 40-க்கு 30 சரியாக எழுதினால் ஏறக்குறைய 7 வரும். ஜெனரலில் அதே 30-க்கு 6-தான்.

எப்படியோ மொத்தம் 6.5 வந்தது. பல்கலைக்கழகம் இது செல்லாது என்று ஒரே வரியில் பதில் போட்டது. சென்டரில் போய்க் கேட்டால், "நீதானேம்மா பார்த்துக்கணும்" என்றார், பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அதே ஆள். ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம், அதற்குப் பணம் கட்டு என்று வேறு சொன்னார். அப்படி எழுதினாலும் ஜெனரல் அகாடெமிக்காக மாறாது! ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

இரண்டாம் முறை என் போனிலேயே, என் மின்னஞ்சலில், நானே பதிவு செய்தேன். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேர வேலை. அகாடெமிக் என்ற இடத்தை நாலு முறை பார்த்தபிறகுதான் பணம் கட்டினேன். 6.5 வந்தது, ஆனால் அதற்குள் செப்டம்பர் சேர்க்கை போய்விட்டது. ஜனவரிக்காகக் காத்திருந்தேன்.

போன வாரம் அம்மா பஸ்ஸில் சத்துவாச்சாரி வழியாக வந்தவர் போன் செய்தார். அந்தச் சென்டர் வாசல் பேனரில் என் போட்டோ இருக்கிறதாம், கீழே பெரிதாக 6.5 என்று. எந்த 6.5 என்று போடவில்லையாம்.