செம்வெரா, தேதியா? ரிலீஸ் டேக்குக்கு எது பொருந்தும்

கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், ஒரு வெளியீட்டுக்கு ஒட்டும் பெயர்தான் ரிலீஸ் டேக். அதில் போடும் எண், மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் செம்வெர் (செமான்டிக் வெர்ஷனிங், மாற்றத்தின் தன்மையைச் சொல்லும் மூன்று எண்கள்), மக்கள் நேரடியாக நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள் என்றால் தேதி எண். என் கட்சி இதுதான்.

செம்வெர் விதியை எழுதியவர், கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர். பழைய கோட் உடையும்படி மாற்றினால் முதல் எண் ஏற வேண்டும். பழையதைக் கெடுக்காமல் புது வசதி சேர்த்தால் நடு எண். பக் மட்டும் சரிசெய்தால் கடைசி எண். இந்த எண்ணை மனிதரைவிட மெஷின்தான் அதிகம் படிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை இறக்கித் தரும் என்பிஎம்-இல் ^1.4.0 என்று எழுதி வைத்தால் 1.5.0 வரும், 1.9.3 வரும், 2.0.0 மட்டும் வராது. அந்த ஒற்றைக் குறி நிற்பது லைப்ரரி எழுதியவர் மேல் உள்ள நம்பிக்கையில். ஒரு ஃபங்ஷனைத் தூக்கிவிட்டு நடு எண்ணை மட்டும் ஏற்றினால், முன்பின் தெரியாத யாருடைய பில்டோ (கோடை ஓடும் நிரலாக்கும் வேலை) ராத்திரியோடு ராத்திரியாக உடையும்.

தேதி முறையான கேல்வெருக்குப் பழைய உதாரணம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். 2004 அக்டோபரில் வந்தது 4.10, 2024 ஏப்ரலில் வந்தது 24.04. கையில் இருப்பது எவ்வளவு பழசு என்று எண்ணே சொல்லிவிடும். பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் கருவியும் 2018-இல் 10.0.1-இலிருந்து நேராக 18.0-க்குத் தாவியது. ஆனால் அப்கிரேட் செய்தால் எதுவும் உடையுமா என்ற கேள்விக்குத் தேதி பதில் சொல்லாது. லைப்ரரிக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த இரண்டு முறையிலும் சேராது. 2022-இல் 5.19-க்குப் பிறகு 6.0 வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, எண் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்ற கண்டிப்பு அங்கே ஏற்கனவே இருப்பதால் முதல் எண்ணுக்கு வேலையே இல்லை. அந்தக் கண்டிப்பு இல்லாத ப்ராஜெக்ட்கள் இந்த வழியைப் பின்பற்றுவது சரியில்லை.

எண்ணை முடிவு செய்தபின் டேக்கின் பெயர். முன்னால் ‘வி’ எழுத்து வேண்டுமா என்பது ஓயாத சண்டை. செம்வெர் விதிப்படி ‘வி’ எண்ணின் பகுதி அல்ல, டேக் பெயரில் இருந்தால் தவறும் இல்லை. கோ மொழியின் மாட்யூல்களுக்கு ‘வி’ கட்டாயம். என்பிஎம்-இன் வெர்ஷன் கட்டளையும் தானே சேர்த்துவிடும். ஆகவே ‘வி’ போட்டுவிடுங்கள். பாதியில் மட்டும் மாற்றாதீர்கள்.

வரிசையையும் கவனியுங்கள். கிட் டேக்குகளைப் பட்டியலிட்டால் எழுத்து வரிசையில் 1.10 முதலில், 1.9 பிறகு. வெர்ஷன் வரிசை கேட்டால் இது சரியாகும். அப்போதும் 1.0.0-க்கு முந்தைய ஆர்சி (இறுதி வெளியீட்டுக்கு முன் வரும் சோதனை வெளியீடு) டேக் அதற்குப் பின்னால் போய் உட்காரும். ‘-rc’ போன்ற பின்னொட்டுக்கான கிட் செட்டிங்கைத் தனியாகச் சொல்லித்தான் முன்னுக்குக் கொண்டுவர முடியும்.

வெறும் பெயராக மட்டும் நிற்கும் லைட்வெயிட் டேக்கா, விவரங்களோடு வரும் அனோடேட்டட் டேக்கா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அனோடேட்டட் டேக்கில் போட்டவர் பெயர், தேதி, குறிப்பு எல்லாம் பதிவாகும், கையொப்பமும் இடலாம். அருகிலுள்ள டேக்கை வைத்துக் கோடுக்குப் பெயர் சொல்லும் கிட் டிஸ்கிரைப் கட்டளை தானாகத் தேடுவதும் அதைத்தான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், வெளியிட்ட டேக்கை நகர்த்தாமல் இருப்பது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற கிட்ஹப் ஆக்‌ஷனில் (பில்டில் தானாக ஓடும் ஆயத்த நிரல்) ஊடுருவியவர்கள் பழைய வெர்ஷன் டேக்குகளையே தீய கமிட் (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) ஒன்றின் மேல் திருப்பிவிட்டார்கள். டேக்கை நம்பியவர்களின் பில்ட்களில் அந்தக் கோட் ஓடியது. பழைய கமிட்டின் ஹாஷை, அதாவது மாற்ற முடியாத அடையாள எண்ணை, டேக்குக்குப் பதிலாகக் குறித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆகவே 1.4.0-இல் பிழை இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு 1.4.1 போடுங்கள். கோ-வில் 1.4.0-ஐ யாரும் எடுக்க வேண்டாம் என்று 1.4.1-இன் மாட்யூல் ஃபைலிலேயே ரிட்ராக்ட் வரியாக எழுதிவிடலாம்.