‘எல்லாப் பழைய கமெராவுக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் கேபிள் ரிலீஸ்: வாங்குமுன் கவனியுங்கள்

பழைய பிலிம் கமெராவுக்குக் கேபிள் ரிலீஸ் (ஷட்டர் பொத்தானைக் கையால் தொடாமல் அழுத்த உதவும் கம்பி) வாங்க யாழ்ப்பாண நகரப் பக்கம் போகவிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிடப்பட்டிருக்கும் மலிவான கம்பிகளை, எந்தப் பழைய கமெராவுக்கும் பூட்டலாம் என்ற உறுதிமொழியோடு சில கடைகளில் விற்கிறார்கள். அவ்வாறு எனக்கு விற்கப்பட்ட ஒன்றினால் ஒரு முழுச் சுருள் பிலிம் வீணாகியது. அத்துடன், என் பெரியப்பா தமது ஸ்ரூடியோவில் நெடுங்காலம் பாவித்து, கை நடுங்கத் தொடங்கிய பின்னர் என்னிடம் ஒப்படைத்த நிக்கோன் எஃப்எம்2 கமெராவின் ஷட்டர் பொத்தானுக்குள் உலோகத் துண்டொன்றும் முறிந்து இறுகிக்கொண்டது. முறைப்பாடு இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. அதே உறையில் அதே பொருள் வேறு கடைகளிலும் தொங்குவதைக் கண்டேன் என்பதால், பெயரைவிடப் பொருளைப் பற்றிய விபரமே உங்களுக்கு உதவும்.

நான் கடைக்குக் கமெராவைக் கையில் கொண்டுதான் போனேன். பண்ணைப் பாலத்தையும் கோட்டை மதிலையும் இருட்டிய பின்னர் நீண்ட நேரத் திறப்பில் எடுக்க வேண்டும், ஆகவே பி நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலையில்) ஷட்டரைத் திறந்து பூட்டி வைக்கக்கூடிய கம்பி வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். கடைக்காரர் கமெராவை வாங்கிப் பார்த்து, கம்பியைத் தாமே பூட்டி, விநாடியின் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓரிரு தடவை தட்டிக் காட்டினார். பி நிலையில் பூட்டிக் காட்டும்படி நான் கேட்டதற்கு, “அது வேலை செய்யும் அண்ணை, நான் பொறுப்பு. பிழையெண்டால் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்” என்றார். உறையில் பெரிய யப்பானிய நிறுவனம் ஒன்றின் பெயரைப் போலவே தோன்றும், ஆனால் ஓரெழுத்து மாறிய பெயர் அச்சிடப்பட்டிருந்தது. 4,500 ரூபா கொடுத்தேன். பற்றுச்சீட்டில் ‘கமெரா சாமான் – 1’ என்று மட்டும் எழுதித் தந்தார்.

டிஜிட்டல் கமெராவில் பிழையிருந்தால் அடுத்த நொடியே திரையில் தெரிந்துவிடும். பிலிமில் அப்படியில்லை, சுருளைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுப்பித்து நெகட்டிவைக் கையில் வாங்கும் வரைக்கும் என்ன நடந்தது என்பது தெரியாது. எனக்கு வந்த நெகட்டிவில் கோட்டை மதில் இருந்த இடம் ஒளி பதியாமல் ஏறக்குறைய வெறும் கண்ணாடிபோலவே இருந்தது. வீதி விளக்குகள் மட்டும் கரும்புள்ளிகளாக நின்றன. சில படங்களில் அந்தப் புள்ளிகளும் இரட்டையாக விழுந்திருந்தன. வீட்டில் கமெராவின் முதுகைத் திறந்து, பிலிம் இல்லாமல் பி நிலையில் பூட்டிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. பூட்டுத் திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும், உள்ளிருக்கும் ஸ்பிரிங் கம்பியை மெல்ல மெல்லப் பின்னே தள்ளியது. பத்து எண்ணி முடிப்பதற்குள் ஷட்டர் தானாகவே மூடிக்கொண்டது. கடற்காற்றின் இரைச்சலில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்க வாய்ப்பேயில்லை. விளக்குகள் இரட்டையாக விழுந்ததற்குக் காரணம் கம்பியின் உறை: வளைக்க முடியாத அளவுக்கு விறைப்பான பிளாஸ்ரிக் உறை, என் கையின் அசைவை அப்படியே கமெராவுக்குக் கொண்டு சென்றிருக்கிறது. கை அசைவு கமெராவைச் சேரக்கூடாது என்பதற்காகவே கேபிள் ரிலீஸ் பாவிக்கிறோம். அதைக்கூடச் செய்யாத பொருளை விற்றிருக்கிறார்கள்.

அதைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கழற்றியபோது, விரலால் ஒரு சுற்றுச் சுற்றியதும் நுனி முறிந்தது. புரி வெட்டப்பட்ட கூம்புத் துண்டு பொத்தானுக்குள்ளேயே நின்றுவிட்டது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், மணல் மணலாக, மட்டமான வார்ப்பு உலோகமாகத் தெரிந்தது. மேலே பூசியிருந்த பளபளப்பு ஒரு மெல்லிய தோல் மாத்திரமே. நகரில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர், பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, அந்தத் துண்டின் வாயில் நுண்ணிய அலகொன்றைக் குறுக்கே ஊன்றி, எதிர்ப்புறமாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதை வெளியே எடுத்தார். பொத்தானின் உட்புரி தப்பியது அவருடைய பொறுமையால்தான். அவர் கேட்ட கூலி மிகச் சிறியது. நான் கூடுதலாகக் கொடுத்ததையும் வாங்க மறுத்துவிட்டார்.

கடைக்காரரோ, முறிந்த கம்பியைக் கண்டதும் நான்தான் முறித்தேன் என்றார். நெகட்டிவைக் காட்டியபோது, “அது கழுவினவையின்ர பிழை” என்றார். தாம் பொறுப்பு என்று சொன்ன சொல்லை நினைவூட்டியபோது, பற்றுச்சீட்டில் அப்படி ஏதும் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். என்னை மிகவும் புண்படுத்தியது அந்தக் கேள்விதான். எங்கள் ஊரில் கடைக்காரர் ‘நான் பொறுப்பு’ என்று சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்த நம்பிக்கையை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

‘எல்லாப் பழைய கமெராவுக்கும்’ என்பது அடிப்படையிலேயே பொய்யான கூற்று. எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, கெனன் ஏஇ-1 போன்றவற்றில் ஷட்டர் பொத்தானின் நடுவிலேயே கூம்பு வடிவப் புரித்துளை உண்டு. முறையாகச் செய்யப்பட்ட சாதாரணக் கம்பி இவை அனைத்துக்கும் பொருந்தும். ஆனால் 1959 இல் வந்த நிக்கோன் எஃப், அதன் பின்வந்த எஃப்2 ஆகியவற்றில் கம்பி பொத்தானின் உள்ளே அல்லாமல் அதைச் சுற்றியுள்ள வளையத்தின் மேல் பூட்டப்பட வேண்டும். அதற்கு வேறு தலையுள்ள கம்பியோ இடைத்துண்டோ தேவை. பிந்திய கமெராக்களில் இது கம்பியே அல்ல, மின்தொடர்பு. கெனனை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 1986 இன் டி90 இல் மூன்று ஊசிச் செருகி, ஈஓஎஸ் 3 இல் என்3 எனப்படும் வேறொரு செருகி, ஈஓஎஸ் 300 இல் இரண்டரை மில்லிமீற்றர் துளை என்று ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. நிக்கோன் எஃப்100 இல் பத்து ஊசிச் செருகி இருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்து எஃப்80 இல் அது கிடையாது, பழைய கூம்புப் புரிக் கம்பிதான் பூட்டலாம். எனக்குத் தம்பி முறையான ஒருவருக்கு, எஃப்80 கமெராவுக்கென்று சொல்லி, கம்பியில்லாத் தொலைவியக்கி ஒன்றை விற்றிருக்கிறார்கள். அந்தக் கமெராவில் அதன் சமிக்ஞையைப் பெறும் கண்ணே கிடையாது. ஆகவே கமெராவின் மொடல் பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நின்றுவிடாமல், அதில் துளை எங்கே, என்ன வடிவம் என்பதைக் கடைக்காரருக்குத் தொட்டுக் காட்டுங்கள்.

வாங்கும்போது கமெராவைப் பிலிம் இல்லாமல் கொண்டுபோய், முதுகைத் திறந்து, பி நிலையில் வையுங்கள். பூட்டுவதற்கு முன் கம்பியின் ஊசி அதன் நுனிக்குள் முழுதாகப் போகிறதா என்று பாருங்கள். நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், புரியைச் சுற்றும்போதே அது பொத்தானை அழுத்திவிடும். புரியை நீங்களே விரலால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அரைபட்டால் அவ்விடத்திலேயே நிறுத்திவிடுங்கள், குறடு எடுக்க எவரையும் விடாதீர்கள். எஃப்எம்2 வைத்திருப்பவர்கள் பிலிம் சுற்றும் நெம்பை வெளியே இழுத்து வைக்க வேண்டும், உள்ளே தள்ளியிருந்தால் பொத்தான் பூட்டப்பட்டிருக்கும். இதைச் சாட்டி, கமெராவில்தான் பிழை என்று சொல்லக்கூடும். பிறகு அழுத்தி, பூட்டுத் திருகாணியை இறுக்கி, கையை எடுத்துவிட்டு, கடைச் சுவரின் மணிக்கூட்டில் ஒரு நிமிடம் முழுதாகப் போகும் வரை ஷட்டரின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள். கடைக்காரர் அலுத்துக்கொண்டால் அலுக்கட்டும். ஏஇ-1 போன்ற மின்னியல் ஷட்டர் உள்ளவற்றில் பி நிலை பற்றரியைத் தின்னும் என்பதால் புதிய பற்றரியோடு போங்கள். அல்லாவிட்டால் குற்றம் கம்பியிலா பற்றரியிலா என்ற வீண் வாதம் வரும். உறை துணியால் நெய்யப்பட்டதாகவும், தொய்வாக ஒரு வளையம் விட்டு முக்காலியருகே தொங்கக்கூடிய நீளமுள்ளதாகவும் இருப்பது நல்லது.

ஒரு விநாடிக்குள் முடியும் படங்களுக்கு மாத்திரம் என்றால், எஃப்எம்2 காரர்கள் கம்பிக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. அதன் தன்னியக்க நேரங்காட்டியை இழுத்துவிட்டால், கமெராவின் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி முதலிலேயே மேலெழுந்து அதிர்வு அடங்கிய பின்னர்தான் ஷட்டர் திறக்கும். கே1000 இல் அந்த வசதி இல்லை. அதை வைத்திருப்பவர்களுக்குக் கம்பி அவசியம்.

பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், உங்கள் கமெராவின் மொடல், மாற்றித் தருவதாகச் சொன்னால் அந்த வாக்கு ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யான உறுதி கூறி விற்பதைத் தடை செய்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். நான் முறிந்த நுனி, உறை, பற்றுச்சீட்டு, நெகட்டிவ் ஆகியவற்றை ஒன்றாக வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதே கடையில் ஏமாந்தவர்கள் உறையை எறிந்துவிடாமல் தாங்களும் எழுதிக் கொடுத்தால், தனி ஒருவரின் சண்டை என்று தள்ளிவிட முடியாது.

அந்தப் பெயர் மாறிய உறையில் வந்த கம்பி ஏற்கெனவே உங்கள் கமெராவில் பூட்டியிருந்தால், அதை இழுக்கவோ வளைத்துக் கழற்றவோ வேண்டாம். உறையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உலோகத் தலையை மட்டும் புரியின் அடியோடு பிடித்து, நேராக, மெதுவாகச் சுற்றுங்கள். சிறிதளவேனும் இறுகினால் நிறுத்திவிட்டுத் திருத்துபவர் ஒருவரிடம் அப்படியே கொண்டு போங்கள்.